கன்னம் சொல்லும் ரகம்

என் அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா?

இங்கே ஷேவிங் பிரஷ்ஷுக்காக பேட்ஜர் என்ற விலங்கின் முடியை ரகம் பிரிக்கிறோம். கறுத்த முடி குத்தும், நடு ரகம் பரவாயில்லை. நுனி வெளுத்ததுதான் உசத்தி, பூ மாதிரி இருக்கும். எங்கள் சூப்பர்வைசர் அம்மா கண்ணை மூடிக் கன்னத்தில் ஒரு தடவு தடவியே ரகம் சொல்லிவிடுவார். நீ பார்த்தால் அசந்துபோவாய்.

நேற்று நான் எல்லா ரகத்தையும் கலந்துவிட்டேன். அவர் திட்டவில்லை.

"இந்தப் புதரை வச்சுக்கிட்டு உனக்கு எப்படிப்பா தெரியும்? முதல்ல அதை எடு."

இங்கே வந்ததிலிருந்து வளர்ந்த தாடி. எடுத்ததும் மூன்று ரகமும் பிடிபட்டுவிட்டது.

அப்பாவின் பிரஷ்ஷிலிருந்து ஒரு முடி பிடுங்கி அனுப்பு, ரகம் சொல்கிறேன். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. கன்னம் இப்போது வழவழவென்று இருக்கிறது. தொட்டுப் பார்த்து ரகம் சொல்லத்தான் ஆள் இல்லை.

உன்னவன்