புட்டியில் ஒட்டிய முகம்

சேரன்மகாதேவி,
1911 ஆகஸ்டு 14.

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய அத்தானுக்கு, சாலோமி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இந்த நிமிஷம் வரை வீட்டில் எல்லாம் க்ஷேமம். கடலுக்கு அக்கரையில் உங்களையும் அவர் அப்படியே காப்பாராக.

ஹோட்டல் படம் அச்சடித்த காகிதத்தில் நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. கடலைப் பார்த்த அத்தனை ஜன்னல்களில் ஒன்றின்மேல் மைப்புள்ளி வைத்து, இதுதான் என் அறை என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு இன்பமணியிடம் காட்டாமல் இருக்க முடியுமா? அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "யக்கா, இம்புட்டுப் பெரிய வீட்டுல அண்ணனை எங்கனன்னு தேடுவீய?" என்று கேட்டாள். கொழும்பில் துரைமார் தங்குகிற ஹோட்டலில், துரையின் பேச்சைத் தமிழில் சொல்ல வந்த ஆளுக்குக் கடலைப் பார்த்த அறை கொடுப்பார்களா என்று எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஹார்வில் துரையின் ரத்தபுஷ்டி டானிக் நம்மூர்க் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. அலி அக்பர் அண்ணாச்சி கடை வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு புட்டியிலும் என் முகம். நம் கல்யாணப் படத்தை நீங்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனபோது, என் நினைவுக்காக என்றல்லவா நினைத்துக் குளிர்ந்துபோனேன்! உங்களை வெட்டி எடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என்னை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். நாற்காலி முதுகைப் பிடித்த உங்கள் விரல்கள் மட்டும் மிச்சம். அது யார் விரல் என்று ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள்.

படத்துக்குக் கீழே நான் எழுதியதாக ஒரு கடிதம் வேறு. சேரன்மகாதேவி நேசையா அவர்கள் பாரியாள் சாலோமி அம்மாளாகிய நான் ரத்தம் சுண்டி, இருமி இளைத்து, வைத்தியர்கள் கைவிட்டுப் படுத்த படுக்கையாய்க் கிடந்தேனாம். இந்த டானிக் என்னை எழுப்பி நடக்க வைத்ததாம். படுத்த படுக்கையாய்க் கிடந்த அந்தக் காலத்தில் உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது யார் அத்தான்?

கோயிலை விட்டு வெளியே வந்தால் பெண்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். எத்தனை கரண்டி குடித்தாய், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்கிறார்கள். அந்தப் புட்டியை நான் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் உங்கள் பெயர் கெடும் என்று சும்மா சிரித்துவைக்கிறேன். அந்தச் சிரிப்பும் பொய்தானே? சபை ஐயா வேறு, அறுப்புப் பண்டிகையன்று எழுந்து நின்று கர்த்தர் உனக்குச் செய்ததைச் சபைக்குச் சொல்லம்மா என்கிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துரையிடம் சொல்லி அந்தப் படத்தை முதலில் எடுக்கச் செய்யுங்கள்.

ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. கார் பயிர் கதிர் வாங்கிவிட்டது. புது வெள்ளத்தில் குளித்ததில் எனக்குக் கொஞ்சம் இருமல். பயப்படும்படி ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்புள்ள மனைவி,
சாலோமி.


சேரன்மகாதேவி,
செப்டம்பர் 20.

அன்புள்ள அத்தானுக்கு, சாலோமி அநேக தோத்திரத்துடன் எழுதுவது. நீங்கள் சுகமாயிருக்க இராப்பகலாய் ஜெபிக்கிறேன்.

இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு காய்கிறது. போன வாரம் ஒரு காலையில் இருமித் துடைத்த துணி சிவப்பாயிருந்தது. எனக்கு வெற்றிலை போடும் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டு அவசரமாய் எழுதியதற்கு உங்கள் பதில் வந்தது. கிறிஸ்துமஸ் வரை பொறு என்கிறீர்கள். டானிக் குடித்துப் பிழைத்தவளே ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஊர் சிரிக்கும், கண்டியிலும் நுவரெலியாவிலும் டானிக் கூட்டத்துக்கு ஹோட்டல் பேசி முடித்தாயிற்று, இந்தப் பயணம் நல்லபடி முடிந்தால் மதராஸ் ஏஜென்ஸி நமக்குத்தான், பிறகு உன்னை ராணி மாதிரி வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ராணியாக நான் எப்போது கேட்டேன்? அதுவரை குடிக்கச் சொல்லி அதே டானிக்கை அனுப்பியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதையும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். தித்திப்பாய் இறங்கியது, நெஞ்சு சுட்டது, கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். குடிக்க மாட்டோம் என்று சபையில் கையெழுத்துப் போட்ட குடும்பம் நம்முடையது. நல்ல கூத்து!

நீங்கள் ஒன்றும் தெரியாதவரில்லை. அந்த ஆஸ்பத்திரியில்தானே கம்பவுண்டராக இருந்தீர்கள்? இருமலோடு வருகிற ஏழை எளியதுகளிடமெல்லாம் எத்தனை நாளாய் இருக்கிறது, சாயங்காலம் காய்ச்சல் உண்டா, துப்பினால் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாய்க் கேட்பீர்களே. மருந்து வாங்க வந்த நான் அதைப் பார்த்துத்தான், இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதில் ஒரு கேள்விகூட என்னிடம் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லையா?

இப்போது கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் முகத்தைப் புதைத்துத்தான் இருமுகிறேன். தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாது பாருங்கள். ஆனாலும் அலி அக்பர் அண்ணாச்சிக்குக் கேட்டுவிட்டது. புட்டிகள் நன்றாய்ப் போகின்றன என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். "தங்கச்சி, ஊருக்கெல்லாம் வித்தேன், என் வீட்டுல ஒரு புட்டி ஒடைக்கல. ஒனக்கும் அது வேண்டாம். பாளையங்கோட்டைக்குக் கெளம்பு. கடையில உள்ள சரக்க நான் என்னமும் செஞ்சுக்கிடுதேன்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். மறுநாள் அவர் கடை வாசலில் என் படம் இல்லை என்று இன்பமணி வந்து சொன்னாள்.

ஒரு கடைக்காரருக்குத் தோன்றியது உங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்து நினைத்து அழுகிறேன். உங்கள் வாயால் போய் வா என்று ஒரு வார்த்தை வரட்டும் என்றுதான் இன்னும் காத்திருக்கிறேன். தாமதியாமல் எழுதுங்கள்.

உங்கள்
சாலோமி.


மிஷன் ஆஸ்பத்திரி, பாளையங்கோட்டை,
அக்டோபர் 9.

அத்தானுக்கு, சாலோமி எழுதுவது.

இடத்தின் பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் சொல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. இந்தத் தடவை வந்துவிட்டேன்.

கண்டியிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. அதிலும் ஹோட்டல் படம். ஜன்னலில் புள்ளி வைக்க மறந்துவிட்டீர்கள். முன்கூடம் நிறையக் கூட்டம் என்றும், துரை இங்கிலீஷில் பேசப் பேச நீங்கள் தமிழில் சொன்னீர்கள் என்றும், "என் சொந்த மனைவியே" என்று நீங்கள் குரலைத் தாழ்த்திய இடத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார்கூடக் கண்ணைத் துடைத்தார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் கேட்ட ஒரு வார்த்தை மட்டும் அந்தக் கடிதத்தில் இல்லை. மடித்து வைத்துவிட்டு, இன்பமணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலடிக்கு வந்தேன்.

சேரன்மகாதேவி ரயிலடிச் சுவரில் ஆள் உயரத்துக்கு என்னை ஒட்டியிருக்கிறார்கள் அத்தான். அதன் கீழேதான் பெஞ்சி. வேறு நிழலில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆழ்வார்குறிச்சிக்காரி ஒருத்தி, ஈர்க்குச்சியாய் இளைத்த மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிரே நின்றாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தாயி, ஒங்களப் பாக்கத்தான் காலைலேருந்து அலையுதேன். வீடு பூட்டிக் கெடந்துது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மடியில் டானிக் புட்டி. மகளுக்கு அதைத்தான் மாதக்கணக்காய்க் கொடுக்கிறாளாம்.

படத்தில் இருப்பது நான்தான், ஆனால் எனக்கு அப்போது வியாதியுமில்லை, இதைக் குடித்து நான் பிழைக்கவுமில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "எந்திரிச்சு நடமாடுதீயளே, அப்போ மருந்து கேக்கத்தானே செய்யுது?" என்றாள். அதற்குமேல் என்ன சொல்வது? வந்த இருமலை அடக்காமல் இருமினேன். துணியை விரித்து அவளிடம் காட்டினேன். அவள் துணியைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். இன்பமணி என் பக்கத்தில் நின்று அழுதாள். வண்டி வந்ததும் அந்தத் தாய், தன் ஊருக்குப் போகாமல் மகளோடு எங்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். அந்தப் பெண் இப்போது எனக்கு அடுத்த கட்டிலில் இருக்கிறாள். இன்று கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

ரயிலடியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். சபை ஐயா என்னைப் பார்க்க இங்கே வந்தபோது அவரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். இனி இந்த ஜில்லாவில் ஒரு புட்டி விற்காது. துரை உங்கள்மேல் கோபப்படுவார், வேலையும் போகும். தெரிந்தேதான் செய்தேன். என்னைத் திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டுங்கள்.

டாக்டரம்மா நெஞ்சிலும் முதுகிலும் குழல் வைத்துக் கேட்டார். எத்தனை நாளாய் என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. இங்கே வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான்.

கோபமெல்லாம் இந்தக் கடிதத்தோடு போகட்டும். தூத்துக்குடிக் கப்பல் அலைமோதாமல் உங்களைக் கரை சேர்க்கக் கர்த்தர் துணை செய்வாராக. அதற்கு முன்னே அங்கே இன்னொரு கூட்டம் வைப்பீர்கள். துரை பேசுவார், நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே வருவீர்கள். "என் மனைவி" என்கிற இடம் வரும்போது அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு அடுத்து என்ன என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்து ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் வரவுக்காக வாசலைப் பார்த்த கட்டிலில் படுத்திருக்கும்,
சாலோமி.