உன் காரை உயர்த்திவிட்டேன்

இன்று காலை உன் வீட்டு ஸ்டோர் அறையில் நீ கட்டிவைத்த சாக்கைப் பிரித்ததும் பழைய கிரீஸ் வாசனை முகத்தில் அடித்தது, மச்சான். உன் காரின் ஒரிஜினல் ஸ்பிரிங்குகள் நான்கும் துருப்பிடிக்காமல் இருந்தன. டெங்கி உன்னைக் கொண்டுபோய் ஒன்பது மாதமாகிறது. கோபித்துக்கொள்ளாதே, குட்டை ஸ்பிரிங் போட்டு நீ ஆசையாய்த் தாழ்த்திய காரை நான் பழையபடி உயர்த்திவிட்டேன்.

காரணம் உன் அம்மா. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வாரம் இருமுறை பயிற்சிக்காகக் கூலாய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உன் காரைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அந்தக் காரிலோ, உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கினால்தான் எழ முடியும். போன வாரம் வலி தாங்காமல் போகவே இல்லை. இப்படியே விட்டால் முட்டி மடங்காது என்று நர்ஸ் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்.

நம் பண்டார் தெங்காரா ரோட்டில் அந்தக் கார் பட்ட பாடு கொஞ்சமா? வேகத்தடையைக் கண்டால் போதும், "எல்லாரும் எறங்குங்க லா, அடி தட்டும்" என்பாய். கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டி வந்த அம்மாவும் இறங்கி, மேட்டுக்கு அந்தப் பக்கம் நடந்துபோய் மறுபடி ஏறுவார். செம்பனை லாரிக்காரன் ஹாரன் அடித்துச் சிரிப்பான். உனக்கு வெட்கமே கிடையாது.

ஸ்பிரிங்குகளை நானே கழற்றி மாட்டினேன். கார் ஜாக்கில் நிற்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கித் தொலைத்தேன். இறக்கி ஓட்டினால் கிரீச் கிரீச் என்று சத்தம். நீ எத்தனை முறை திட்டியிருப்பாய்! "டயரு தரையில நிக்கட்டும்டா, அப்புறம் கடைசி முறுக்கு. அந்தரத்துல இறுக்குனா ரப்பர் முறுக்கிக்கும்." போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தன் எடையில் நின்றபின் மறுபடி இறுக்கினேன். சத்தம் போயே போச்சு. இனி யார் காரிலும் துணிந்து கைவைப்பேன்.

மாலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். கதவைப் பிடித்தார், மெல்லத் திரும்பினார், தானாகவே உட்கார்ந்தார். எழுந்தும் காட்டினார்.

"காரக் கொஞ்சம் ஒசத்தி விடுடான்னு அவன்கிட்ட எத்தன வாட்டி கேட்டேன்பா" என்றார் சாதாரணமாக. "நீ பாத்துச் சிரிப்பேன்னு சொல்லி மாட்டேன்னுட்டான்."

சிரித்திருப்பேன் மச்சான், மறுக்கவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை, அந்த மன்னிப்பை நானே வைத்துக்கொள்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் அம்மாவைக் கூலாய்க்கு நான்தான் கூட்டிப்போவேன்.