ஒச்சுக்காளையின் எடை தொண்ணூற்றொன்றுதான்

என்னங்க,

இந்த ஒரு சொல்லுக்குத்தான் முப்பத்தொரு வருடம் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். உங்கள் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. இப்போது முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் "பாண்டி அண்ணே, பாண்டி அண்ணே" என்று உருகுகிறார்கள். அவர்களிடம் இல்லாத சொல் இது ஒன்றுதான் என்பதால் இதைச் சொல்லியே கூப்பிடுகிறேன். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்.

அடுத்த மாதம் உங்கள் முதல் வருடத் திதி. நம் மகள் கயலுக்கு இது ஐந்தாம் மாதம். புளிச்சோறு தவிர எதுவும் இறங்கவில்லையாம். திதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அதே நாளில் உங்கள் ரசிகர்கள் ஒரு புத்தகம் கொண்டுவருகிறார்கள். அலங்காநல்லூர் சாலையில் லாரி எடை மேடையில் உட்கார்ந்து, ஒரு கரும்பு லாரிக்கும் அடுத்த கரும்பு லாரிக்கும் நடுவில் போனில் தட்டித் தட்டி எழுதினீர்களே, அந்த ஒச்சுக்காளைக் கதைகள் மொத்தமும் ஒரே புத்தகமாக வருகின்றன. எழுமலையிலிருந்து மதுரைக்கு வந்து ஆணழகன் பட்டம் வாங்கிய, உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது. மரியாதைக்காக என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

அங்கே நடக்கும் கூத்தை நீங்கள் கேட்க வேண்டுமே. எல்லாம் குரல் செய்திகள்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன்.

"தலைவன் கை இருபது இஞ்சுய்யா. பன்னெண்டாவது கதையிலயே இருக்கு."

"பத்தொம்பதரைடா வெண்ண. மொதல்ல மூணாவது கதையப் படி."

"எத்தன இஞ்சா இருந்தா என்ன? இளவட்டக்கல்லத் தூக்கித் தோள்ல போட்டான்ல?"

"அந்தக் கல்லு நூத்தியறுவது கிலோ மாப்ள. ஒன்னய மாதிரி ரெண்டரை ஆளு!"

எனக்குச் சிரிப்பு வரும், கூடவே வயிறும் எரியும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். காலையில் எழுந்ததும் பத்தொன்பதரை, தண்டால் எடுத்து முடித்தபின் இருபது. என் நோட்டில் இருக்கிறது. கேட்டால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு ஒச்சுக்காளையைப் பிடிக்காது. இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு அங்குல மார்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, என் ஜாக்கெட் அளவெடுக்கும் டேப்பை எடுத்துத் தண்ணீர் டிரம்மைச் சுற்றி அளந்தீர்கள். அந்த டேப்பால் எனக்கு ஒரு ஜாக்கெட் அளவு எடுத்துக் கொடுத்ததுண்டா? அவன் காலையில் சாப்பிடும் இருபது முட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை என்னை அவிக்கச் சொன்னீர்கள். விரதம் இருக்கிறவள் முட்டை அவித்தேன். தட்டில் அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் தின்றது ஒன்று.

அவனைக்கூட விட்டுவிடுவேன். அவன் பெண்டாட்டி செல்லி இருக்கிறாளே, அவளைத்தான் ஆகாது. தெப்பத் திருவிழா அன்று அவள் சாமி பார்க்க வேண்டும் என்று ஒச்சுக்காளை அவளைத் தோளில் உட்கார வைத்து வண்டியூர்த் தெப்பக்குளத்தை முழுக்கச் சுற்றி வந்தான். அந்தக் கதையை நீங்கள் எழுதியது எங்கே வைத்து என்று நினைவிருக்கிறதா? அதே தெப்பக்குளக் கரையில், என் பக்கத்தில் நின்றுகொண்டு. நானோ முன்னால் நின்றவர்களின் பின்மண்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அண்ணன் பொண்டாட்டிய எம்புட்டு நேசிச்சிருந்தா இப்பிடி எழுதுவாரு!" என்று திண்டுக்கல் சுமதி குரூப்பில் அழுதாள். நான் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டுக் குழம்பைத் தாளித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

புத்தக வேலையைப் பார்ப்பது வண்டியூரில் ஜிம் வைத்திருக்கும் கார்த்தி. போன வாரம் வீட்டுக்கு வந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, "மதினி, ஒரு சிக்கல்" என்றார்.

"சொல்லுங்க தம்பி."

"தலைவன் வெயிட்டு நூத்திநாலு. ஆரம்பத்துலருந்து அதான். கடைசி நாலஞ்சு மாசக் கதையில மட்டும் எறங்கிக்கிட்டே போகுது. நூத்தியொண்ணு, தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தஞ்சு, கடைசியில தொண்ணூத்தொண்ணு. ஆனா தூக்குறது அதே நூத்தியறுவது கிலோ. நானும் ஜிம்முல பாக்குறேன், இது நடக்காது. அண்ணே ஏதோ கவனக்கொறவா எழுதிட்டாரு. எல்லாத்தையும் நூத்திநாலுன்னு மாத்திரலாமா? இல்லேன்னா படிக்கிறவன் சிரிப்பான்."

நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டுப் பீரோவைத் திறந்தேன்.

அந்த நீள நோட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கோயில் நோட்டீசையும் மளிகை சுற்றி வந்த தாளையும் எழுத்துக் கூட்டிப் படித்து எழுதப் பழகியவள், எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி. உங்களுக்குச் சர்க்கரை வந்த வருடம் டாக்டர் சொன்னார்: "வாராவாரம் எடையக் குறிச்சு வைங்க. குறைஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க." அன்றிலிருந்து இடப்பக்கம் உங்கள் எடை. வெள்ளிக்கிழமைதோறும் வேலை இடத்தில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு நீங்கள் போனில் சொல்வீர்கள், நான் எழுதுவேன். வலப்பக்கம் ஒச்சுக்காளை. போன மாதம் எழுதியதை இந்த மாதம் மறந்துவிடுவீர்கள் என்பதால் அவன் மார்பு, கை, எடை எல்லாம் கதைவாரியாக என் கையெழுத்தில்.

இடப்பக்கத்தில் கடைசி வரை ஒரே எண். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. ஒவ்வொரு வெள்ளியும் அதை எழுதிவிட்டு மாரியம்மனுக்கு ஒரு கை உப்புக் கொட்டி வந்தேன், குறையாமல் வைத்திருக்கிறாளே என்று. சட்டை தொளதொளவென்று தொங்கியதைக் கண் பார்த்தது. ஆனால் நான் என் கண்ணை நம்பவில்லை, நோட்டை நம்பினேன். "தராசு பொய் சொல்லாது தெய்வானை" என்று சொன்னது யார்? தராசு சொல்லவில்லைதான்.

கயல் கல்யாணத்தில் சம்பந்தியம்மா கேட்டார்கள்: "என்ன, சம்பந்தி இம்புட்டு எளச்சுட்டாக?" நான் விட்டுக்கொடுக்கவில்லை. "எளைக்கலையே. போன வெள்ளி அறுபத்திரெண்டு. நோட்டுல இருக்கு" என்றேன். நீங்கள் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த மாதமே ஆஸ்பத்திரி. நர்ஸ் உங்களைத் தராசில் ஏற்றி நாற்பத்தொன்பது என்று எழுதினாள். நான் அவளோடு சண்டைக்கு நின்றேன். "ஒங்க தராசு தப்பும்மா. நாலு நாளைக்கு முன்னாடி அறுபத்திரெண்டு." நீங்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "விடு தெய்வானை. அந்தப் புள்ளய வையாத" என்றீர்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நீ பயந்துருவ" என்றீர்கள். கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தீர்களா? முன்னாலேயே தெரிந்திருந்தால் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருப்பேன், உங்களைத் தள்ளி வைத்திருக்க மாட்டேன்.

அது பழைய கோபம். கார்த்தி வந்துபோன அன்று வந்தது புதுக் கோபம்.

நோட்டை விரித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிந்தன. நூற்றுநாலில் தொண்ணூற்றொன்று போனால் பதின்மூன்று. அறுபத்திரண்டில் நாற்பத்தொன்பது போனால் எத்தனை? விரல் விட்டுப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். அதே பதின்மூன்று.

ஒச்சுக்காளை நூற்றொன்று ஆன வாரம் நீங்கள் ஐம்பத்தொன்பது. தீபாவளிக்கு அவன் தொண்ணூற்றெட்டு, நீங்கள் ஐம்பத்தாறு. நான் எண்ணெய் தேய்த்துவிட்டேனே அன்று! கல்யாணப் பந்தலில் ஐம்பத்துமூன்று. எனக்குச் சொல்லாத ஒவ்வொரு கிலோவையும் அவன் உடம்பிலிருந்து எடுத்து ஊருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். வலப்பக்கத்தில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். "ஏன் இவனுக்குக் குறையுது?" என்று கேட்டேன்கூட. "போட்டி வருதுல்ல, உடம்ப வத்த வைக்கிறான்" என்றீர்கள். நானும் சரி என்று அடுப்பைப் பார்க்கப் போனேன்.

கடைசிக் கதையை அன்று மறுபடியும் படித்தேன். ஒச்சுக்காளை தராசில் ஏறி நின்று பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான். "நீயே முள்ளப் பாரு செல்லி. என் வாயால சொல்ல முடியல." அவள் குனிந்து பார்க்கிறாள். தொண்ணூற்றொன்று. அவன் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறாள்.

அந்த முள்ளைப் பார்க்க அவள் யாருங்க? உங்களுக்குக் கஞ்சி வைத்தாளா, வேட்டி துவைத்தாளா? இல்லாத ஒருத்திக்குக் காட்டினீர்கள். முப்பத்தொரு வருடம் இருந்தவளுக்கு அறுபத்திரண்டு என்றீர்கள். போனில் படித்த அத்தனை பேரும் உங்கள் எடை இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள், அது உங்களுடையது என்று தெரியாமலே. பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

மூன்று நாள் கார்த்தியின் போனை எடுக்கவில்லை. பதின்மூன்றும் பதின்மூன்றும் சரியாக இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கை அளவு, மார்பு அளவு, தெப்பக்குளம் எல்லாம் அவர்களிடம் போய்விட்டது, இதையாவது நானே வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தது. ஆனால் காரணம் சொல்லாவிட்டால் அவர்கள் எல்லாவற்றையும் நூற்றுநாலு ஆக்கிவிடுவார்கள். அப்புறம் நீங்கள் உண்மை சொன்ன இடம் என்று உலகத்தில் எதுவும் மிஞ்சாது. என் இடப்பக்கப் பொய் மட்டும் பத்திரமாகப் பீரோவில் இருக்கும்.

நாலாம் நாள் நானே கூப்பிட்டேன். "தம்பி, ஒரு எண்ணையும் தொடாதீங்க. தொண்ணூத்தொண்ணுன்னா தொண்ணூத்தொண்ணுதான்."

"அப்ப படிக்கிறவன் கேட்டா என்ன மதினி சொல்றது?"

"புத்தகத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கம் விடுங்க. நான் எழுதித் தாரேன்."

இதுதான் அந்த இரண்டு பக்கம். என்னிடம் தனியாக இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டேன். சுமதி இதைப் படித்துவிட்டு அழுவாள், அழட்டும். செல்லியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் எண்கள் எதையும் யாரும் மாற்ற விடமாட்டேன். நோட்டின் இடப்பக்கத்தையும் அடித்துத் திருத்த மாட்டேன். அது நான் உங்களை நம்பிய கணக்கு, அப்படியே கிடக்கட்டும். ஆனால் ஆத்தா கூப்பிட்டு நான் அங்கே வந்து சேரும் அன்று, குசலமெல்லாம் அப்புறம்தான். முதலில் உங்களைத் தராசில் ஏற்றுவேன். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. முள்ளை நானே குனிந்து பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒச்சுக்காளைக்குக் கடைசி வரை அளவு எழுதியவள்,
உங்கள் வீட்டுக்காரி தெய்வானை