அண்ணன் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய முகாம்

அனுப்புநர்:
கோ. செல்வநாயகி,
க/பெ. சாமிதுரை,
பீங்கான் தொழிற்பேட்டை பின்புறம்,
விருத்தாசலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: தைராய்டு புற்றுநோய் மரபணுப் பரிசோதனை முகாமில் என் அண்ணன் பிள்ளைகளுக்கு இரத்தம் எடுக்காமல் திருப்பி அனுப்பியது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை செய்கிறேன். என் தகப்பனார் கோவிந்தசாமி கழுத்தில் கட்டி வந்து இறந்தார். அண்ணன் பழமலைநாதனும் சென்ற ஆண்டு அதே நோயில் போய்விட்டார். எனக்கும் வந்தது. சென்னையில் தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டார்கள்; பிழைத்தேன்.

2. இது தகப்பனார் வழியில் வந்த மரபணுக் கோளாறு என்று சென்னை மருத்துவர் விளக்கினார். தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கட்டிக்கொண்டவர் சொந்தமா அந்நியமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரத்தத்தில் முன்கூட்டியே கண்டுபிடித்து, கட்டி வருவதற்குள் சுரப்பியை எடுத்துவிட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

3. அதற்காகவே சென்ற மாதம் விருத்தாசலத்தில் நடந்த முகாமுக்கு என் மகளுடன் போனேன். திட்டக்குடியிலிருந்து அண்ணி திரௌபதியும் தன் பிள்ளைகள் வெண்மதி, பாண்டியனுடன் வந்திருந்தார். முகாம் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: சொந்தத்தில் கல்யாணமா? நான் தாய்மாமனைக் கட்டியவள். அத்தனை பேர் முன்னிலையில் என்னை ஏசிவிட்டு, என் மகளுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். அண்ணி அந்நியத்திலிருந்து வந்தவர். “ஒங்க புள்ளைங்களுக்கு பயமே இல்லம்மா, போயிட்டு வாங்க” என்று பாராட்டி அனுப்பினார்.

4. என் மகளுக்குக் கோளாறு இல்லை என்று முடிவு வந்துவிட்டது. வசவு வாங்கியவள் பிள்ளை தப்பித்தது. பாராட்டு வாங்கியவர் பிள்ளைகளின் இரத்தத்தை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை.

5. டாக்டரிடமே திரும்பப் போய்ச் சொன்னேன். “நீ டாக்டரா, நான் டாக்டரா?” என்றார். நான் டாக்டர் இல்லை ஐயா. கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தவள்.

6. திட்டக்குடிக்கும் போனேன். “டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. நீ ஏன் செல்வி எம்புள்ளைங்கள சீக்குல தள்ளுற?” என்று அண்ணி கதவைச் சாத்திவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. புருஷனைப் பறிகொடுத்தவருக்கு டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இப்போது தைரியம். நான் சொன்னால் அது நாத்தனார் பேச்சு.

7. ஆகவே அந்த டாக்டரே திட்டக்குடிக்கு நேரில் வந்து, சொன்ன வாயாலேயே அதைத் திரும்பப் பெற வேண்டும். பிள்ளைகளுக்கு இரத்தம் எடுக்க வேண்டும். கடிதம் அனுப்பினால் அண்ணி நம்பமாட்டார். என்னை ஏசியதற்கு மன்னிப்பு வேண்டாம். பஸ் டிக்கெட்டைக்கூட நானே எடுக்கிறேன்.

8. அவர் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் தங்கள் மனுநாளில் கழுத்துத் தழும்பை மூடாமல் வந்து நிற்பேன். அந்தப் பிள்ளைகளின் கழுத்திலும் இப்படித் தழும்பு விழுந்தால் விழட்டும்; உயிராவது மிஞ்சும். எங்கள் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இரண்டு படங்கள் மாலையோடு தொங்குகின்றன. மூன்றாவது படத்துக்கு நான் ஆணி அடிக்கமாட்டேன்.

இணைப்பு: சென்னை மருத்துவரின் கடித நகல்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 11.08.2008

இப்படிக்கு,
பிள்ளைகளின் அத்தை,
கோ. செல்வநாயகி