மொத்த மதிப்பெண்ணின் மேல் ஒரு பொட்டு

மாப்ளே,

நேற்று பாளையம்பட்டியில் இறங்கி, ஆதார் அட்டைக்கு ஒரு நகல் எடுத்தேன். இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்த தாளைக் கையில் வாங்கியதும் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. பின்னால் நின்றவர் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை. உன் மாமாவின் ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. நீ இருந்திருந்தால், இப்பத்தான் அந்த எடத்துக்கு உருப்படியான தொழில் வந்திருக்கு என்றிருப்பாய்.

சவூதியில் வேலையிடத்திலேயே நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். வந்து ஒரு பிடி மண் போடக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் உன்னை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது, நான் என்ன செய்ய.

பிளஸ் டூ முடிவு வந்த அன்று நம் இருவர் வீட்டிலும் யாரும் இனிப்பு வாங்கவில்லை. எனக்கு ஆயிரத்து இருநூறுக்கு அறுநூற்றுப் பதினெட்டு. நீ என்னைவிடப் பதினொன்று குறைவு. நட்புக்காக என்னை முந்த விட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் அப்பாவின் மாட்டுத்தீவனக் கடை எனக்காகக் காத்திருந்தது. நீ ஏற்கெனவே உன் மாமா கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

அப்படி யாருக்கோ போடும்போதுதான் வடக்கே இருக்கிற அந்தப் பல்கலைக்கழகம் உன் கண்ணில் பட்டது. கிராமத்து நீர், நிலம், பிழைப்பு பற்றிய படிப்பு. நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும், நாற்பது பேரைத்தான் எடுப்பார்கள். குறைந்தபட்ச மதிப்பெண் இவ்வளவு என்று எங்கும் போடவில்லை. போடாததால் அந்தக் குறைந்தபட்சம் நான்தான் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அப்பா சுருக்கமாகச் சொன்னார்: அங்கே இடம் கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் ஆவணியிலிருந்து கடையில் உட்கார வேண்டியது. கடையை நான் வெறுக்கவில்லை. ஆனால் பதினேழு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த என் தாத்தா எழுபதில்தான் எழுந்தார். எனக்கு அது பயமாக இருந்தது.

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் கேட்டிருந்தார்கள். உன் மாமாவிடம் அதற்கென்று ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். சிறு வயது முதலே ஏழைகளுக்குச் சேவை செய்வது என் லட்சியம் என்று தொடங்கும். கேட்டரிங்கோ நர்சிங்கோ, பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அதையே போடுவார். எனக்கும் அதையே போட்டோம். நோயாளிகளின் முகத்தில் மலரும் சிரிப்பே எனக்குக் கூலி என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி அப்படியே இருந்ததை, அனுப்பிய பிறகுதான் பார்த்தோம்.

அதைவிடப் பெரிய வேலையை என் அப்பா பார்த்து வைத்திருந்தார். லோன் பத்திரமோ, வண்டியின் ஆர்.சி. புத்தகமோ, எந்த முக்கியமான காகிதம் வந்தாலும் கடையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, எது தலையாய இடமோ அங்கே குங்குமம் வைப்பது அவர் வழக்கம். என் தற்காலிக மதிப்பெண் சான்றிதழுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. மார்க் ஷீட்டில் தலையாய இடம் எது? மொத்த மதிப்பெண். அதன்மேல் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று பத்து மணிக்குக் கரண்ட் போகும் என்று மின்வாரியம் சொல்லிவிட்டது. நீ பரபரவென்று ஸ்கேன் பண்ணி அனுப்பினாய். குங்குமம் கறுப்பாக விழுந்திருந்ததை நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தது. மொத்த மதிப்பெண் மறைக்கப்பட்டுள்ளது, மூன்று நாளில் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. மார்க் குறைவு என்பதோடு, அதை மறைத்த களவாணி என்ற பெயரும் சேர்ந்துகொண்டதே. நீயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மெஷின் கோளாறு என்று எழுதி, பொட்டைத் துடைத்துவிட்டு எடுத்த நகல் ஒன்றை அனுப்பிவிடலாம் என்றார் உன் மாமா. நானும் சரியென்று தலையாட்டினேன். அப்போதுதான் நீ சிரிப்பை நிறுத்தினாய்.

"உள்ளதச் சொல்லுலே. மறைச்சது ஒங்கப்பா வச்ச குங்குமம். நீ எதையும் மறைக்கல."

சொல்லிவிட்டுக் கீபோர்டை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். என் மார்க் ஏன் குறைந்தது, படிக்க வேண்டிய நேரத்தில் நான் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன் என்று கேட்டாய். சும்மாதான் இருந்தேன் என்றேன். நீ விடவில்லை.

"அது கெடக்கட்டும். மறுபடியும் கேக்கேன். என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. பள்ளி விட்டதும் எம்.ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்கும் லோடு ஆட்டோவில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஏற்றிக்கொண்டு போவதைச் சொன்னேன். கண்மாயில் தண்ணீர் குறையக் குறைய மேய்ச்சல் குறையும், எங்களிடம் தீவனம் அதிகமாகக் கேட்பார்கள். சுத்தமாக வற்றிவிட்டால் மாட்டையே விற்றுவிடுவார்கள், கேட்பதும் நின்றுபோகும். எந்த ஊர் எந்த நிலையில் இருக்கிறது என்பது எனக்கு லோடு ஏற்றும்போதே தெரிந்துவிடும். புத்தகம் திறக்க நேரமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன் என்றேன். நேரம் இருந்தது, திறந்தால் தூக்கம் வந்தது.

நான் சொல்லச் சொல்ல நீ அடித்துக்கொண்டே இருந்தாய், தூக்கம் உட்பட. உன் இங்கிலீஷ் என் இங்கிலீஷைவிட மோசம். என் தந்தை ஒரு மாட்டுத்தீவனம் ஆவார் என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை நான் திருத்தவில்லை, ஏனென்றால் எப்படித் திருத்துவது என்று எனக்கும் தெரியாது. கடைசியில் என்னைக் கேட்காமலே நீயாக ஒரு வரி சேர்த்தாய்: நல்லது நடக்கும் என்று நம்புகிற காகிதத்துக்குத்தான் என் அப்பா பொட்டு வைப்பார், இந்த மார்க்குக்கும் வைத்தார். வாசித்ததும் நான் வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றேன். டவுன் பஸ் ஒன்று வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும்வரை உள்ளே வரவில்லை. எதற்கு என்று நீயும் கேட்கவில்லை.

நேர்காணலும் உன் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. திரையில் மூன்று பேர். ஒருவரும் நோயாளிகளின் சிரிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அரைமணி நேரம் கண்மாய், மாடு, பருத்திக்கொட்டை. எந்த ஊர்க் கண்மாய் முதலில் வற்றும், எப்படித் தெரியும் என்று துருவினார்கள், எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அதில் ஓர் அம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. விளக்கக் கடிதத்தின் கடைசி வரியை எழுதியது யார் என்று கேட்டார். நான் எழுதியதாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. உன் முகத்தைப் பார்த்தேன், என் ஃப்ரெண்டு எழுதியது என்றேன்.

"அந்தப் பையன் அப்ளிகேஷன் போடலையா?" என்றார்.

நீ ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஐயோ ஆளை விடுங்க என்கிற மாதிரி இரண்டு கையையும் ஆட்டினாய். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர்களும் சிரித்தார்கள். அந்தக் கேள்வி அதோடு போயிற்று.

இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று நீ அதை நாற்பது நகல் எடுத்தாய். வருமானச் சான்றிதழுக்கு வந்தவர், ரேஷன் கார்டுக்கு வந்தவர் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று நீட்டினாய். உன் மாமா திட்டிக்கொண்டே தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். அப்பா அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டார். என் நினைவில் அவர் பகலில் கடை சாத்தியது அந்த ஒரு நாள்தான்.

இப்போது பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் வாசிக்கப் பழைய மாணவர்களையும் அழைக்கிறார்கள். மூன்று வருஷமாகப் போகிறேன். மார்க் குறைந்தவர்களின் விண்ணப்பங்களை நான்தான் கேட்டு வாங்கிக்கொள்வேன். நேர்காணலில் உன் கேள்வியைத்தான் கேட்கிறேன், உன்னைப் போலவே இரண்டு தடவை. முதல் தடவை மன்னிப்புக் கேட்பார்கள், அல்லது மழுப்புவார்கள். இரண்டாவது தடவைதான் ஆள் வெளியே வருவார். இந்த வருஷம் ஒரு பெண், ஒழுங்காகப் படிக்கவில்லை சார் என்று முதலில் சொன்னாள். மறுபடியும் கேட்டதும், குடிதண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று ஊருக்கே சொல்லி வந்தவள் அவள்தான் என்று தெரிந்தது. நேற்று அவளுக்குக் கடிதம் போயிருக்கிறது.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பதினொரு மார்க்கை வைத்து உன்னைப் பத்து வருஷம் கேலி செய்திருக்கிறேன். அது ஏன் குறைந்தது, அந்த நேரத்தில் நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று ஒரு தடவைகூட உன்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நானும் படிச்சிருந்தா ஒனக்கு யாருலே டைப் அடிச்சிருப்பா என்றுதான் சொல்லியிருப்பாய். நானும் சிரித்திருப்பேன். அதோடு விடாமல், நான் மறுபடியும் கேட்டிருக்க வேண்டும், மாப்ளே.