வெளுத்துப்போன பதினெட்டுப் பெயர்கள்

இருபத்திநான்கு வருடமும் நான் ‘இஞ்சாருங்கோ’ என்று மட்டுமே கூப்பிட்ட என் அன்பானவருக்கு,

இன்று காலையும் பனிப்புகார். சலவை அறைச் சன்னலைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மைதானம் இல்லை, கோல் கம்பம் இல்லை, அதற்கு அப்பால் உள்ள காடும் இல்லை. இப்படியான காலைகளில் சமையலறைப் பின்கதவால் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று, “இஞ்சாரும், உலகம் காணாமல் போட்டுது” என்பீர்கள். “போனால் நல்லது, தோய்க்கிற உடுப்புக் குறையும்” என்பேன் நான். இன்றும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். யாருக்குச் சொல்வது?

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. மகளுக்கு ஸ்டுட்கார்ட்டில் அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, கிடைத்து, அங்கேயே ஒரு அறை எடுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் போன் எடுத்து “அம்மா, சாப்பிட்டியளோ” என்று உங்களைப் போலவே இழுத்துக் கேட்கிறாள். நீங்கள் திட்டித் திட்டித் தட்டி ஓடவைத்த அந்த உலர்த்தும் மெஷின் ஒருவழியாகச் செத்துப்போனது. புதியது சத்தமே போடாது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் இதைச் சொல்ல நான் எழுதவில்லை. உங்கள் உதைபந்துப் பெடியள் திரும்பி வந்தார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும். நான் செய்த பிழையும் அவர்களுக்குத் தெரியட்டும்.

நாலு வருடத்துக்கு முந்திய வசந்தம் ஞாபகம் இருக்கிறதா? பீலெஃபெல்டுக்கு வெளியே உள்ள இந்த விளையாட்டுப் பயிற்சி விடுதியில் நீங்கள் சமையலுக்கு, நான் சலவைக்கு. வாரம் ஒரு அணி வரும், போகும். எனக்கு எல்லா அணியும் சேறு பிடித்த காலுறைதான். அந்த வாரம் வந்தது பரோ தீவுகளின் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி. நோர்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில், கடல் நடுவில் கிடக்கிற தீவுகளாம். வேலை முடிந்து வந்ததும் நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்ன செய்தி அதுதான். “ஐம்பதாயிரம் சனந்தானாம், இஞ்சாரும். எங்கடை யாழ்ப்பாணப் பட்டினத்திலை பாதி. அவைக்கு ஒரு கொடி, ஒரு ரீம். அதுக்குள்ளை சின்னப் பெடியளுக்கு வேறை ஒரு ரீம்.”

“அதுக்கு இப்ப என்ன?” என்றேன்.

“எங்கடை நெடுந்தீவுக்கும் ஒண்டு இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனீர்கள். நெடுந்தீவில் பிறந்த உங்களைத் ‘தீவான்’ என்று என் அண்ணன்மார் பகிடி பண்ணினபோதும் இப்படித்தான், ஒரு வசனம் சொல்லிவிட்டு எழும்பிப் போனீர்கள். முழுக்கதையும் சொன்னால் வாயில் இருந்து முத்து உதிர்ந்துவிடும் பாருங்கோ.

அணித்தலைவன் ஹானுஸுக்குத் தாய் பொதி கட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள். அவன் அதைச் சாப்பாட்டு மண்டபத்தில் அவிழ்க்க, மண்டபமே நாறிப்போனது. சமையலறைத் தலைவி ஃபிராவ் ஹென்கெ மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் கதவைக் காட்டினார். நீங்கள் போய் அந்தப் பொதியை வாங்கி, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்களாம். கருவாடு. கடலுக்கு அப்பால் ஒரு தாய் காற்றில் காயவைத்த கருவாடு.

அவர்கள் அதைச் சுத்தியலால் தட்டி, பட்டர் பூசி, அப்படியே கடித்துத் தின்பவர்கள். அது உங்களுக்கு எங்கே தெரியும்? அடுத்த நாள் மத்தியானம் வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் கொண்டுபோய்ப் புளிவிட்டுக் குழம்பு வைத்துவிட்டீர்கள். பதினெட்டுப் பெடியளும் கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட, பால் குடித்துக் குடித்து, பாண் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். மறுநாள் அவர்களுக்கு அயலூர் அணியுடன் ஆட்டம்.

அந்த ஆட்டத்தை நான் இதே சன்னலால் பார்த்தேன். பார்த்தேன் என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கும் இப்படிப் புகார். வெள்ளைச் சட்டைகள் திடீரென்று தெரியும், கரையும், வேறு எங்கோ தெரியும். கால்களே இல்லாமல் மிதந்து திரிந்த மாதிரி இருந்தது. ஐந்து கோல் வாங்கினார்கள். கடைசியில் புகாருக்குள் இருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. சமையலறையில் இருந்து ஏப்ரனோடு நீங்கள் ஓடினீர்கள். அவர்களின் ஒரே கோல். யார் அடித்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்கு நீங்கள் ஓடின ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிய அழுகையும் வருகிறது.

ஆட்டம் முடிந்ததும் ஹானுஸ் போட்டிருந்த சட்டையைக் கழற்றி உங்களிடம் தந்தான். பதினெட்டுப் பேரும் அதில் பெயர் எழுதினார்கள், சமையலறைப் பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதுகிற பேனாவால். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கதிரையில் விரித்துப் போட்டுவிட்டுப் படுத்தீர்கள்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. எனக்கு விரதம். நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள். சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு சட்டை, சேறும் வியர்வையும் கருவாட்டுக் குழம்பு வாசமுமாய். எனக்கு விசர் வந்தது. எழுத்தைக் கண்டேன், கண்டும் அது என்னவென்று யோசிக்கவில்லை. வேலையிடத்தில் கறை எடுக்கிற மருந்தில் ஊறப்போட்டு, கொதிநீரில் ஓடவிட்டு, பிழிந்து காயப்போட்டேன். என் கைவெளுப்பில் எனக்கு எப்போதும் பெருமைதானே. பின்னேரம் வந்து அதைக் கொடியில் கண்டீர்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தீர்கள். ஒரு எழுத்தும் இல்லை.

“நல்லா வெளுத்திருக்கு” என்றீர்கள். அவ்வளவுதான்.

ஏசியிருக்கலாம். ஒரு கோப்பையை எடுத்து எறிந்திருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தி, மன்னிப்பும் கேட்டிருப்பேன். நீங்கள் அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க இருந்தீர்கள். நான் “கண்டறியாத சட்டை” என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். மன்னிப்பைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே நாலு வருடம் போய்விட்டது. போன ஐப்பசியில் ஒருநாள் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்றீர்கள், அம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த பக்கத்து வீட்டுச் சாந்தி அக்கா உங்கள் உடுப்பெல்லாம் பையில் கட்டினா, தெருவோரத் தானத் துணிப் பெட்டியில் போட. செத்தவரின் உடுப்பு வீட்டில் இருக்கக்கூடாதாம். இந்தச் சட்டையை நான் இழுத்து எடுத்தேன். “உது வெறும் வெள்ளைச் சட்டை, விடும்” என்றா. வெறும் சட்டைதான் அக்கா, வெறுமையாக்கினதே நான்தான் என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பங்குனியில் ஃபிராவ் ஹென்கெ வரப்போகும் அணிகளின் பட்டியலோடு சலவை அறைக்கு வந்தார். ஒரு வரியில் விரலை வைத்துக்காட்டினார். பரோ தீவுகள், இருபத்தொரு வயதுக்குட்பட்டோர். அதே பெடியள்தான், வளர்ந்துவிட்டார்கள். அன்று இரண்டு தரம் ஒரே துணியைத் தோய்த்தேன்.

அவர்கள் வந்த இரண்டாம் நாள், துணிகளில் எண் போடுகிற கறுப்புப் பேனாவையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். தொண்ணூறு பாகைக் கொதிநீரிலும் அழியாத மை அது. ஹானுஸுக்குத் தாடி முளைத்திருக்கிறது. என்னைத் தெரியவில்லை, சட்டையைத் தெரிந்தது. “சமையல்காரர் எங்கே? எங்களை அழவைத்தவர்?” என்று ஜெர்மனில் கேட்டான். இறந்துவிட்டார் என்றேன். மேசையில் எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டார்கள்.

எழுத்தெல்லாம் நான்தான் தோய்த்து அழித்தேன், திரும்ப எழுதித் தாருங்கள் என்றேன். உங்களிடம் சொல்லவேண்டியதை ஒரு தாடிக்காரப் பெடியனிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். “அந்தப் பதினெட்டில் இப்போது ஏழு பேர்தான் அணியில். மற்றவர்கள் யார் யார் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லையே.”

இஞ்சாருங்கோ, அப்போதுதான் அது நடந்தது. நீங்கள் உருளைக்கிழங்கு சீவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சப்பாத்து மினுக்கும்போது ஏதோ முணுமுணுப்பீர்களே. “என்ன, தேவாரமோ” என்று நானும் நெடுக நையாண்டி பண்ணுவேனே. அது என் வாயால் வந்தது. ஹானுஸ், பார்த்தூர், யாகுப், யோன், சிமுன், ஈசாக், தான்யல், ரோக்வி, ஹொக்னி... உங்கள் இழுவையோடு, உங்கள் பிழையான உச்சரிப்போடு, ஒன்றும் தப்பாமல் பதினெட்டும். சட்டையில் போன பெயர்களை நாலு வருடமாக நீங்கள் வாயில் வைத்திருந்திருக்கிறீர்கள். என் காதில் விழுந்து விழுந்து அது எனக்கும் பாடமாகியிருக்கிறது. நான்தான் அறியவில்லை.

சொல்லி முடித்துத் தலை நிமிர்ந்தேன். தங்கள் பெயர் வந்தபோது ஒவ்வொருவனாக எழும்பி நின்றிருந்தார்கள்.

ஏழு பேரும் கையெழுத்து வைத்தார்கள். பிறகு ஹானுஸ் சொன்னான்: “இதை என்னிடம் தாருங்கள். மற்றவர்களைத் தேடி எழுதி வாங்கி அனுப்புகிறேன். எங்கள் ஊர் சின்னது, ஒருவரும் தொலைய முடியாது.” எனக்குக் கை வரவில்லை. வீட்டில் உங்களுடையது என்று மிஞ்சினது அது ஒன்றுதான். அவனும் கையை நீட்டியபடியே நின்றான். அப்போது உங்கள் நீல அகதிப் பயணப் புத்தகம் நினைவுக்கு வந்தது. சொந்த நாட்டைத் தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று அதில் எழுதியிருந்ததே. “அப்ப பெடியளின்ரை தீவுக்குப் போகலாம்” என்று நீங்கள் சொல்ல, “குளிரிலை விறைச்சுச் சாகவோ” என்று வாயை அடைத்தவளும் நான்தான். நீங்கள் போகாத தீவுக்கு அதாவது போகட்டும் என்று சட்டையைக் கொடுத்துவிட்டேன்.

போகும்போது அவன் கேட்டான். “அவருடைய பெயர் என்ன? நாங்கள் சமையல்காரர், ‘கொக்’ என்றுதான் கூப்பிட்டோம்.”

பதினெட்டு அந்நியப் பெயரைச் சொன்ன வாய்க்கு உங்கள் பெயர் வரவில்லை. கட்டின நாளிலிருந்து சொன்னதே இல்லையே. அலுவலகங்களில் கணவரின் பெயர் கேட்டால் உங்கள் அடையாள அட்டையைத் தள்ளிவிடுவேன். அன்ராக் படிவமெல்லாம் நீங்களோ மகளோ நிரப்பினீர்கள். “என்ரை மனிசன்” என்று மட்டும் ஜெர்மனில் சொன்னேன். அவனும் தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினான்.

போன கிழமை ஒரு தபாலட்டை வந்தது. பச்சை மலை, அடியில் கடல், மேலே புகார். இங்கே உள்ளது போலவேதான் இருக்கிறது. ஹானுஸ் எழுதியிருக்கிறான்: பதினைந்து பெயர் ஆகிவிட்டது. ஒருவன் மீன்பிடிக் கப்பலில், கரைக்கு வர நாளாகும். இருவர் டென்மார்க்கில் படிக்கிறார்கள், மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு வருவார்கள். சட்டையைத் தாயின் வீட்டில் வைத்திருக்கிறானாம், கருவாடு காயவைக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில். வாசத்தை நினைத்துச் சிரித்தேன். உங்களுக்குச் சந்தோசமாக இருக்கும்.

கடைசியில் ஒரு வரி: “நெஞ்சுப் பக்கம் இடம் விட்டிருக்கிறோம். அவர் பெயரை உங்கள் எழுத்தில் எழுதி அனுப்புங்கள். பார்த்து எழுதுவோம்.”

மூன்று நாள் அந்த அட்டையைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரிந்தேன். மகளைக் கேட்டு எழுதுவிக்கலாம் என்றும் யோசித்தேன். அப்படிச் செய்தால் இதையும் தள்ளிப்போட்டவள் ஆவேன். நாலு வருடம் தள்ளிப்போட்டது போதும்.

இன்று சலவை அறையில், புகார் சன்னலுக்கு முன்னால் இருந்து, அந்தக் கறுப்புப் பேனாவால் எழுதினேன். கோபிக்காதேங்கோ. தருமலிங்கம். எழுதிவிட்டு வாய்விட்டும் ஒருதரம் சொன்னேன். புது மெஷின் சத்தம் போடாததால் அறை முழுக்கக் கேட்டது.

நத்தார் கழிந்து உங்கள் சட்டை வந்து சேரும். உப்பும் கருவாடும் மணக்கும். விரத வெள்ளிக்கிழமையில் வந்தாலும் வரட்டும், சாமிப்படத்துக்கு முன்னாலேயே விரித்துப் போடுவேன். அந்த மை எந்தக் கொதிநீருக்கும் போகாது. என்றாலும் சத்தியமாக, இந்தமுறை தோய்க்க மாட்டேன்.

உங்கள் ‘இஞ்சாரும்’,
தருமலிங்கத்தின் மனைவி