திம்மப்பன் சொன்ன சொல்

ஓசூர்
5.8.2007

அன்பு மகள் பொற்கொடிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனாலும் சூளகிரி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறாள், சொன்னால் கேட்பதில்லை. நீ பாரிஸ்டராகி, வேலையில் கை கால் இழந்தவர்களுக்காகவே வழக்காடுகிறாய் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கால் போன அந்த வங்காளி டிரைவர் வழக்கில் மொழிபெயர்ப்பாளரிடம் ஒரே சொல்லை மூன்று தடவை திருப்பிக் கேட்டாய், அதில்தான் ஜெயித்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அம்மா இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். இரண்டாம் தரம் என்னால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

என் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நான்கு விரல் போன திம்மப்பனை உனக்கு நினைவிருக்கும். 98இல், நீ பெங்களூரில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. அவருக்கு அப்போது கன்னடம் மட்டும்தான் வரும். ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எழுத, கன்னடம் தெரிந்த சூப்பர்வைசர் என்று என்னை அனுப்பினார்கள். விருதுநகர்க்காரன் கன்னடம் பேசுகிறேன் என்று எனக்கும் கொஞ்சம் தலைக்கனம். கை உள்ளே போகாமல் தடுக்கிற மெஷின் மூடியை, அதுதான் பாதுகாப்புக் கார்டு, அதைப் பற்றிக் கேட்டபோது அவர் முனகிக்கொண்டே தெகெதித்து என்றார். என் காதில் தெகெதித்தே, கழற்றியிருந்தேன் என்று விழுந்தது. கார்டை நானே கழற்றியிருந்தேன் என்று எழுதினேன். திருப்பிப் படித்துக் காட்டவில்லை. வலது கையில் கட்டு இருந்ததால் இடது கட்டைவிரலை நான்தான் பிடித்து மையில் ஒற்றி வைத்தேன். பத்து நாள் கழித்து பாகலூர் பஸ்ஸில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் அங்கடி தெகெதித்து என்றார், கடை திறந்திருந்தது என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்டு திறந்து கிடந்தது என்றுதான் திம்மப்பன் சொல்லியிருக்கிறார். ஒரு கடைசி எழுத்துதான் வித்தியாசம்.

மறுநாளே மேனேஜரிடம் சொன்னேன். விடுங்க கருப்பசாமி, இப்ப மாத்தினா யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேப்பாங்க, உங்க பொண்ணு பெங்களூர்ல படிக்குதில்ல என்றார். வேலை போனால் உன் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று நானும் விட்டுவிட்டேன். தொழிலாளியே பாதுகாப்பைக் கழற்றிவிட்டான் என்று சொல்லி அவருடைய நஷ்டஈட்டு மனுவைத் தள்ளினார்கள், அந்தச் சட்டம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீ படிப்பை முடித்தாய், இங்கிலாந்து போனாய். கறுப்பு அங்கியில் உன் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் மை ஒட்டிய அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது. ஒன்பது வருடம் உன்னிடம் மறைத்துவிட்டேனம்மா.

இப்போது அப்பீலில், மறுபடி விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. போன ஞாயிறு திம்மப்பன் வீட்டுக்கு வந்தார். காபி டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு முதலில் உன்னைத்தான் விசாரித்தார். அப்புறம், நீங்க சரியாத்தான் எழுதினீங்க சார், கம்பெனிக்காரங்கதான் மாத்திட்டாங்க, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும் என்றார். இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பியிருக்கிறார். வருகிறேன் என்றேன், தப்பாக எழுதியதே நான்தான் என்று சொல்லாமலே அனுப்பிவிட்டேன். அவர் போனபின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, இத பொற்கொடிக்கு நீங்களே எழுதுங்க, நான் போன்ல சொல்ல மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் நாலாம் தேதி விசாரணை. உண்மையைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் அங்கே போய் நின்றதும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள மறுபடி மழுப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீ திம்மப்பனுடைய வக்கீலாக இருந்தால் என்னை என்னென்ன கேட்பாய் என்று எழுதி அனுப்பு. அப்பா என்று பார்க்காதே.

மழையில் குடையில்லாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவர் ஆசியும் என்றைக்கும் உண்டு. உன் பதில் நாலாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. அந்தச் சொல்லை என்னிடமும் மூன்று தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கருப்பசாமி